பாராட்டுப்போல் ஒலிக்கும் பரிகாசம்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலத்தின் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ காலத்தைப் பற்றி, அதாவது ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்ற துணைவினையோடு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் சேர்ந்து வரும் அமைப்பைப் பற்றி, நீலகிரி மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்கள் வெவ்வேறு ஊர்க்காரர்கள். எனினும் அந்த அமைப்பைக் கொண்டு ஒருவரை எப்படி ஏளனம் செய்கிறார்கள் என்பதே அவர்கள் அனைவரின் கேள்வியாகவும் இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, கோத்தகிரிக்கு அருகில், பச்சைத் தேயிலையை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் கொழுந்தின் எடையைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாள் ஒருவருடைய எடையை அடுத்தவர் பெயருக்கு நேராக எழுதிவிட்டேன். அதைக் கண்ட மேலாளர், பக்கத்தின் ஓரத்தில் ‘யூ ஹேவ் எக்ஸெல்ட் யுவர்செல்ஃப்’ என்று எழுதியிருந்தார். ‘உன்னையே நீ விஞ்சிவிட்டாய்’ என்று அகராதியைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அது பாராட்டு என்று நம்பி நேரில் போய் நன்றி சொன்னேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொற்களில் எங்கும் ஏளனம் இல்லையே. பிறகு அது எங்கே இருந்தது? இனி எப்படி அடையாளம் காண்பேன்? – வாசகி, கோத்தகிரி.

பதில்: நீங்கள் புரிந்துகொண்டதே அந்த வாக்கியத்தின் நேர்ப்பொருள். அதில் ஏளனச் சொல் என்று ஒன்றுமில்லை. தேர்வில் முதலிடம் பெற்ற மாணவியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது முழுப் பாராட்டாகவே இருக்கும். ஆகவே உங்கள் ஆங்கிலம் போதாததால்தான் சிரித்தார்கள் என்று எண்ணி வருந்த வேண்டாம். ஏளனம் அந்த வாக்கியத்துக்குள் இல்லை. அந்த வாக்கியத்துக்கும் அதன் பக்கத்திலேயே இருந்த தவறான பதிவுக்கும் இடையில் இருந்தது. அவ்விரண்டையும் இணைத்தது வினையின் காலம்.

‘யூ ஸ்பாயில்ட் தி ரெஜிஸ்டர்’ என்று எளிய இறந்தகாலத்தில் ஒருவர் சொன்னால், எப்போதோ நடந்த ஒரு செயலைச் சொல்கிறார் என்று பொருள். அது நேற்றாகவும் இருக்கலாம், பத்தாண்டுகளுக்கு முன்பாகவும் இருக்கலாம், அந்தப் பதிவேட்டை அதற்குப் பின் யாரேனும் திருத்தியும் இருக்கலாம். ‘யூ ஹேவ் ஸ்பாயில்ட் தி ரெஜிஸ்டர்’ என்றால், பதிவேடு இந்த நொடியில் கெட்ட நிலையில் இருக்கிறது, அந்த நிலைக்கு நீதான் உரியவள் என்று பொருளாகிறது. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘2019’ போன்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொற்களை இந்த அமைப்பு தன்னோடு சேர்க்க மறுப்பதற்கும் இதுவே காரணம்: செயல் எப்போது நடந்தது என்பது அதற்கு முக்கியமில்லை, செயலின் விளைவு இப்போது கண்முன் இருக்கிறது என்பதே முக்கியம்.

இதன் வரலாறும் இதையே காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் தி லெட்டர் ரிட்டன்’ என்ற வரிசையில் இருந்த தொடர், ‘எழுதி முடிந்த கடிதம் என்னிடம் இருக்கிறது’ என்ற உடைமைப் பொருளைத்தான் தந்தது. நாளடைவில் சொற்கள் இடம் மாறி ‘ஐ ஹேவ் ரிட்டன் தி லெட்டர்’ என்றான பின்பு ‘ஹேவ்’ வெறும் துணைவினையாகிவிட்டது. ஆனாலும், செய்தவன் தன் செயலின் விளைவுக்கு உடையவன் என்ற அந்தப் பழைய எண்ணம் முற்றிலும் போய்விடவில்லை.

இப்போது உங்கள் மேலாளரின் வாக்கியத்துக்கு வருவோம். ‘எக்ஸெல்ட்’ என்ற சொல் சிறந்த விளைவு ஒன்று இருப்பதாக அறிவிக்கிறது. ‘ஹேவ்’ அந்த விளைவை இப்போதே பார்க்கச் சொல்கிறது. பார்த்தால் அங்கே இருப்பது ஒருவர் பெயருக்கு மாறிப்போன கொழுந்தின் எடை. புகழ்ச்சியைக் கேட்டவரின் கண்ணையே பிழையின்மீது திருப்பும் இந்த ஏற்பாட்டில்தான் குத்தல் பிறக்கிறது. எளிய இறந்தகாலத்திலும் குத்தலாகப் பேச முடியும். ஆனால் அங்கே குரல்தான் பெரும்பங்கு வேலையைச் செய்ய வேண்டும், இங்கே இலக்கணமே பாதியைச் செய்து முடித்துவிடுகிறது.

அடையாளம் காண்பதற்குச் சில குறிப்புகள் உண்டு. ‘எக்ஸெல்’, ‘அவுட்டூ’, ‘சர்பாஸ்’ ஆகிய வினைகள் ‘யுவர்செல்ஃப்’ என்ற சொல்லோடு வந்து, எதில் சிறந்தீர்கள் என்பதைச் சொல்லாமல் நின்றுவிட்டால், முதலில் விளைவைப் பாருங்கள். உண்மையாகப் பாராட்டுகிறவர், பாராட்டும் செயலின் பெயரைச் சொல்லாமல் விடுவது அரிது. ‘மேனேஜ்’ என்ற வினை இன்னும் கூர்மையானது: ‘யூ ஹேவ் மேனேஜ்ட் டு கெட் எவ்ரி டோட்டல் ராங்’ என்றால், ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் தவறாகப் போடுவது ஏதோ அரும்பாடுபட்டு அடைந்த வெற்றி என்பதுபோல் ஆகிறது. ‘குவைட்’ என்ற சிறு சொல்லையும் கவனியுங்கள். ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட்?’ என்பது வெறும் கேள்வி. ‘ஹேவ் யூ குவைட் ஃபினிஷ்ட்?’ என்பது, குறிப்பாகப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், ‘போதும், வாயை மூடு’ என்பதற்கு மிக நெருங்கியது. ‘நவ் ஐ ஹேவ் ஹேர்ட் எவ்ரிதிங்’ என்று ஒருவர் சொன்னால், உலகில் கேட்க வேண்டிய அபத்தங்களில் மிஞ்சியிருந்த ஒன்றையும் உங்கள் வாயால் கேட்டுவிட்டார் என்பது கருத்து.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு மேலாளர் தம்மைவிடக் குறைவாக ஆங்கிலம் அறிந்த பணியாளரிடம், அதுவும் ஒரு பதிவேட்டில், இப்படி எழுதுவது மிகத் தவறு. பேச்சில் குரலும் முகமும் இருப்பதால் கேட்பவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளச் சிறு வாய்ப்பாவது உண்டு. எழுத்தில் அது இல்லை. மேலும், நடந்தது எதுவும் தெரியாமல் ஒரு தணிக்கையாளர் பின்னொரு நாள் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், கணக்குப் பிழைக்கு அருகில் மேலாளர் கைப்பட எழுதிய பாராட்டைத்தான் காண்பார். தம் எடைக்கு உரிய பணம் வந்து சேரவில்லை என்று கேட்டு வரும் விவசாயிக்கும் அந்த வாக்கியம் எந்த விளக்கத்தையும் தராது. ‘இந்த எடை தவறான பெயரில் ஏறியிருக்கிறது, திருத்தவும்’ என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் பயன்பட்டிருக்கும்.

இனி இப்படி ஒன்று நேர்ந்தால், நன்றி சொல்லவும் வேண்டாம், மன்னிப்பை நீட்டி முழக்கவும் வேண்டாம். பிழையைத் திருத்திவிட்டு ‘ஐ ஹேவ் கரெக்டட் தி என்ட்ரி, சார்’ என்று சொல்லுங்கள். அவர் ஏளனத்துக்குப் பயன்படுத்திய அதே காலத்தை நீங்கள் அதன் நேரான பொருளில் பயன்படுத்துகிறீர்கள். திருத்திய பதிவு அவர் கண்முன் இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலத்தில் இத்தனை நுட்பமாகக் குத்திக்காட்ட முடிகிறது என்கிறார் எங்கள் பேராசிரியர். தமிழில் மூன்று காலங்கள்தானே இருக்கின்றன? இதற்கு இணையான வசதி நம்மிடம் உண்டா? – கல்லூரி மாணவர், குன்னூர்.

பதில்: நம் மரபிலக்கணம் காலத்தை மூன்றாக வகுத்தது உண்மை. ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் நாம் துணைவினைகளைக் கொண்டு அந்த மூன்றுக்குள் எத்தனையோ நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டுகிறோம். ‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்திருக்கிறார்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியாததன்று: இரண்டாவதைச் சொன்னதும், அவர் இன்னும் இங்கே இருக்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏளனத்துக்கு மிகப் பொருத்தமான தமிழ் அமைப்பு நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிப்பதுதான். சிறுவன் சுவரெல்லாம் கிறுக்கி வைத்ததைக் கண்ட தாய், ‘நல்லாப் பண்ணி வச்சிருக்கே!’ என்கிறார். எழுத்துத் தமிழில் இது ‘நன்றாகச் செய்து வைத்திருக்கிறாய்’ என்று அமையும். ‘செய்தாய்’ என்பதோடு நிறுத்தாமல் ‘வைத்திருக்கிறாய்’ என்று சேர்த்தவுடன், செயலின் விளைவு அழியாமல் கண்ணெதிரே இருப்பதும், அதற்கு உரியவன் நீயே என்பதும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ‘பணம் வைத்திருக்கிறான்’, ‘தோட்டம் வைத்திருக்கிறார்’ என்று உடைமையைச் சொல்வதற்கும் நாம் இதே வினையைத்தான் ஆள்கிறோம். முதல் கேள்விக்கான பதிலில் ஆங்கில ‘ஹேவ்’ பற்றிச் சொன்னதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், உடைமையைக் குறிக்கும் வினையை எடுத்து, முடிந்த செயலின் விளைவைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்தியிருக்கின்றன; இரண்டிலும் அந்தச் சுட்டுதல் ஏளனத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. மொழியைக் கற்பவருக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் ஒற்றுமை வேறென்ன வேண்டும்!

‘விடு’ என்ற துணைவினையும் இந்த வேலையைச் செய்கிறது. ‘பெரிதாகச் சாதித்துவிட்டாய்’, ‘வெட்டி முறித்துவிட்டார்’, ‘புத்தி சொல்ல வந்துவிட்டார்’ என்பனவற்றைக் கேட்கும் எவரும் அவற்றைப் புகழ்ச்சி என்று நினைப்பதில்லை. ‘தொலை’ என்ற துணைவினையின் போக்கு வேறு. ‘வந்து தொலைந்தான்’ என்பதில் எரிச்சல் வெளிப்படையாகவே இருப்பதால் அதைப் பாராட்டாகப் பொருள்கொள்ள வழியில்லை.

வாழ்நாள் முழுவதையும் அளவாக எடுத்துக்கொண்டு பேசும் அமைப்பும் நம்மிடம் உண்டு. ‘இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை’ என்பதை வியப்பாகவும் சொல்லலாம், வெறுப்பாகவும் சொல்லலாம். வள்ளுவர் கயமை அதிகாரத்தின் முதற்குறளில் இதையே ஆண்டிருக்கிறார்: ‘மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்.’ கயவர் வடிவத்தால் மனிதரைப் போலவே இருக்கிறார்கள். இவ்வளவு அச்சான ஒப்புமையை நாம் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். ‘கண்டது இல்’ என்ற தொடரைக் கவனியுங்கள். இதுவரையிலான அனுபவம் முழுவதையும் சாட்சிக்கு அழைத்து, அதில் இதற்கு நிகர் இல்லை என்று வியப்பதுபோல் வியந்து, கயவரிடம் மனிதரின் உருவம் மட்டுமே உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறார். உதகமண்டலத்தில் பள்ளி நடத்தியவரும், தோடர் மொழிக்குச் சுருக்கமான இலக்கணம் எழுதியவருமான ஜி.யு. போப், 1886இல் வெளியிட்ட தம் குறள் மொழிபெயர்ப்பில் இந்த இடத்துக்கு ஆங்கிலத்தின் பிரசென்ட் பெர்ஃபெக்ட் வடிவத்தையே, ‘நெவர் ஸீன்’ என்ற சொற்களோடு, தேர்ந்தெடுத்தார். இறந்தகாலத்தில் ‘நான் காணவில்லை’ என்று மொழிபெயர்த்திருந்தால், குறிப்பிட்ட ஒரு நாளில் காணவில்லை என்பதுபோல் சுருங்கியிருக்கும்.

இலக்கண ஆசிரியர்கள் இவ்வகைப் பேச்சை வஞ்சப்புகழ்ச்சி என்று அணியாகவே வகுத்துவைத்திருக்கிறார்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன என்றும், அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் சொன்ன புறநானூற்றின் 95ஆம் பாடல் அதற்குச் சிறந்த சான்று. அங்கும் எல்லாம் கண்முன் இருக்கும் நிலைகளாகவே சொல்லப்படுகின்றன. போரைப் பற்றி நேரடியாக வருவது ‘பகைவர்க் குத்தி’ என்ற சிறு தொடர் மட்டுமே. ஔவையார் சொன்னது ஓர் அரசனிடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: கூடலூர் வட்டத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘ஐ ஹேவ் கான் டு மைசூர் லாஸ்ட் வீக்’ என்று சொன்னாள். உடனிருந்த இன்னோர் ஆசிரியர், ‘ஓ, யூ ஹேவ் கான்! தென் ஹூ இஸ் ஸ்டாண்டிங் ஹியர்?’ என்று கேட்டதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. அதன் பிறகு அந்தப் பெண் ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை. அந்த ஆசிரியர் செய்தது கற்பிக்கும் முறைகளில் ஒன்றா? – ஆசிரியை, கூடலூர்.

பதில்: இல்லை. அவர் சொன்ன இலக்கணம் சரி; அதைச் சொன்ன விதம் அந்தக் குழந்தைக்கு இலக்கணத்தைக் கற்பிக்கவில்லை. ‘ஹேஸ் கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை, ‘ஹேஸ் பீன்’ என்றால் போய்த் திரும்பிவிட்டார் என்ற வேறுபாட்டை ஏற்கெனவே அறிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் நயம் விளங்கும். அறியாத குழந்தைக்கு, தான் ஏதோ கேவலமாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டுமே விளங்கியிருக்கும். சிரித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணின் வாக்கியம் அறியாமையால் பிறந்ததும் அன்று. அது தமிழின் ஒழுங்கான சிந்தனையிலிருந்து பிறந்தது. ‘போன வாரம் மைசூருக்குப் போயிருக்கிறேன்’ என்பது தமிழில் பிழையற்ற வாக்கியம். ‘இருக்கிறேன்’ என்ற நம் துணைவினை, ‘போன வாரம்’ என்ற காலச் சொல்லைத் தள்ளுவதில்லை. போனவர் திரும்பி வந்தாரா என்பதையும் வினையே சொல்லிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஆங்கிலம் இவ்விரண்டிலும் கண்டிப்பானது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட, ‘நேற்று போயிருக்கிறேன்’ என்ற அமைப்பே அன்றாடப் பேச்சில் இயல்பானது. அந்நாட்டு மாணவர்களும் ஆங்கிலம் கற்கும்போது இதே இடத்தில் இதே பிழையைச் செய்கிறார்கள். ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயும் ஒருமைப்பாடு கிடையாது: பிரிட்டனில் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்று கேட்குமிடத்தில் அமெரிக்காவில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்பது சாதாரணம். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் தமிழோ, மலையாளமோ, பணியர் மொழியோ பேசும் வீடுகளிலிருந்து வந்து, பள்ளியில் ஆங்கிலத்தையும் பழகும் பிள்ளைகளிடம் நாம் எவ்வளவு பொறுமை காட்டினாலும் தகும்.

கற்பிப்பதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். வாக்கியம் ‘எப்போது?’ என்ற கேள்விக்கு விடை சொல்கிறதா என்று பிள்ளைகளையே கேட்கச் செய்யுங்கள். விடை சொன்னால் ‘வென்ட்’. ‘எப்போது’ என்பதே இல்லாமல், போன அனுபவம் உண்டு என்று மட்டும் சொன்னால் ‘ஹேவ் பீன்’. பிறகு உங்கள் ஊரையே வைத்துப் பயிற்சி கொடுங்கள்: அப்பா குன்னூருக்குப் போய் இன்னும் வரவில்லை என்றால் ‘மை ஃபாதர் ஹேஸ் கான் டு குன்னூர்’, வந்துவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன் டு குன்னூர்’, போன வாரம் போனார் என்றால் ‘வென்ட் டு குன்னூர் லாஸ்ட் வீக்’. அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, அவள் சொன்ன வாக்கியம் தமிழில் ஏன் சரி, ஆங்கிலத்தில் ஏன் மாறுகிறது என்று விளக்குங்கள். பிறகு அவள் மைசூரில் பார்த்ததை வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றை ‘நீ முட்டாள் இல்லை’ என்ற ஆறுதலாகச் சொல்லாமல், ஒரு மொழியின் உண்மையாகச் சொன்னால் குழந்தைகள் வெகு விரைவில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் சக ஆசிரியரிடமும் பேசுங்கள். அவர் கேட்ட கேள்வியை ஒரு நல்ல பாடமாக மாற்ற முடியும். வகுப்புத் தொடங்கும்போதே, எவரையும் சுட்டாமல், ‘ஐ ஹேவ் கான் டு மைசூர் என்று நான் இங்கே நின்றுகொண்டு சொல்ல முடியுமா?’ என்று தம்மை வைத்தே கேட்டிருந்தால் அனைவரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள், அந்தப் பெண் உட்பட.

கேள்வி: இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வெலிங்டனில் வசிக்கிறேன். பொதுவாழ்வில், வரலாற்றில், இந்தக் காலம் கண்டனத்துக்கோ ஏளனத்துக்கோ பயன்பட்டதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள் உண்டா? – வாசகர், வெலிங்டன்.

பதில்: உண்டு. 1940ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், நார்வேப் போரில் பிரிட்டன் பின்னடைந்ததைப் பற்றிய விவாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்தபோது, லியோ ஏமரி என்ற உறுப்பினர், தம் சொந்தக் கட்சியின் பிரதமரான நெவில் சேம்பர்லினை நோக்கி, 1653இல் ஆலிவர் குரோம்வெல் அன்றைய நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது சொன்னதாக வழங்கும் சொற்களைத் திருப்பிச் சொன்னார். ‘யூ ஹேவ் ஸேட் டூ லாங் ஹியர்’ என்று அது தொடங்குகிறது: ‘நீங்கள் ஏதேனும் நன்மை செய்துவருகிறீர்கள் என்றால், அதற்குத் தேவையானதைவிட மிக நீண்ட காலம் இங்கே உட்கார்ந்துவிட்டீர்கள்; புறப்படுங்கள், கடவுளின் பெயரால் போய்விடுங்கள்.’ ‘ஸேட்’ என்ற எளிய இறந்தகாலத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு வரலாற்றுச் செய்தி ஆகியிருக்கும். ‘ஹேவ் ஸேட்’ என்றதால், அவர் இன்னும் எழுந்திராமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதே குற்றச்சாட்டானது. மே 10 அன்று சேம்பர்லின் பதவி விலகினார், சர்ச்சில் பிரதமரானார். இந்த ஏமரி நம் நாட்டில், கோரக்பூரில், 1873இல் பிறந்தவர்; அதே மே மாதத்தில் இந்தியாவுக்கான அமைச்சராகவும் ஆனார்.

அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்த விசாரணையில், இராணுவத்தின் தரப்பில் வாதாடிய ஜோசப் வெல்ச் என்ற வழக்கறிஞர், தம் அலுவலகத்தின் இளைஞர் ஒருவர்மீது பழி சுமத்திய, பலரையும் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டிவந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியிடம் ‘யூ ஹேவ் டன் எனஃப்’ என்றார். இத்தனை நாளும் செய்ததெல்லாம் சேர்ந்து, இனி ஒன்றும் மிச்சமில்லாத அளவுக்கு வந்துவிட்டது என்பதை நான்கே சொற்களில் வேறெந்தக் காலத்தாலும் சொல்ல இயலாது. அவ்வாண்டு டிசம்பரில் செனட் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

மூன்றாவது எடுத்துக்காட்டு வேறு வகையானது. 1957ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு மேக்மில்லன், நம் மக்களில் பெரும்பாலோர் ‘ஹேவ் நெவர் ஹேட் இட் ஸோ குட்’, அதாவது இதுவரை இவ்வளவு நன்றாக வாழ்ந்ததில்லை, என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். விலைவாசி உயர்வைப் பற்றிய எச்சரிக்கையும் அதே பேச்சில் இருந்தது. பின்னர் எதிர்ப்பாளர்கள் அந்தத் தொடரைக் கையிலெடுத்து, துன்பம் தெரியும் இடங்களையெல்லாம் சுட்டிக்காட்டி அவருக்கு எதிராகவே சொன்னார்கள். பாராட்டு வாக்கியத்தை ஏளனமாக்குவதற்கு ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை, அது சுட்டும் காட்சியை மாற்றினால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மூன்றிலும் பேச்சுக்கு இலக்கானவர்கள், பதில் சொல்லும் வலிமையும் மேடையும் உள்ளவர்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் நடந்தவற்றிலிருந்து இவற்றை நான் முற்றிலும் வேறாகவே கருதுகிறேன்.

கேள்வி: மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு ஏற்பட்டுப் பேருந்து நின்றுவிட்டதால் வேலைக்குத் தாமதமாகப் போனேன். ‘ஸோ யூ ஹேவ் ஃபைனலி டிசைடட் டு ஜாயின் அஸ்’ என்றார் அதிகாரி. ‘யெஸ் சார்’ என்றேன். அப்படிச் சொன்னது தவறு என்கிறான் என் மகன். – வாசகர், அருவங்காடு.

பதில்: உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வாக்கியம் ‘நீங்கள் வந்துவிட்டீர்கள்’ என்று மட்டும் சொல்லவில்லை. இதுவரை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்து, இப்போதுதான் வர முடிவுசெய்தீர்கள் என்பதையும் உண்மையாக வைத்துக்கொண்டே பேசுகிறது. ‘ஆம்’ என்றால், தாமதம் உங்கள் விருப்பத்தால் நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘இல்லை’ என்றால், இன்னும் முடிவு செய்யவில்லை என்றாகிவிடும்.

தருக்க நூல்களில் இதற்கு எடுத்துக்காட்டாக வரும் பழைய கேள்வியும் இதே காலத்தில்தான் அமைந்திருக்கிறது: ‘ஹேவ் யூ ஸ்டாப்ட் பீட்டிங் யுவர் ஒய்ஃப்?’ மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டாயா என்று கேட்டால், ஆம் என்பவன் முன்பு அடித்தவன் ஆகிறான், இல்லை என்பவன் இன்றும் அடிப்பவன் ஆகிறான். நீதிமன்றத்தில் சாட்சியை அவமதிக்கும் நோக்கத்தோடு கேட்கப்படும் கேள்விகளை நீதிபதி தடுக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 152ஆம் பிரிவில் கூறியது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அலுவலகத்தில் அப்படித் தடுக்க ஒருவரும் இல்லாததால், ஆம், இல்லை என்ற இரண்டையும் விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லிவிடுவதே வழி: ‘தேர் வாஸ் எ லேண்ட்ஸ்லைட் ஆன் தி ரோட், சார். தி பஸ் ஹேஸ் ஜஸ்ட் அரைவ்ட்.’ முதல் வாக்கியம் காரணத்தைச் சொல்கிறது, இரண்டாவது இப்போதுள்ள நிலையைச் சொல்கிறது. பணிவுக்கும் குறைவில்லை, செய்யாத குற்றத்தை ஏற்றதாகவும் ஆகாது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஒரு விளையாட்டு வீரரை ‘ஹேஸ்-பீன்’ என்று குறிப்பிட்டிருந்ததைப் படித்தேன். இதுவும் அதே காலம்தானா? – வாசகர், மஞ்சூர்.

பதில்: அதே காலம்தான், ஆனால் வினையாக இல்லாமல் பெயர்ச்சொல்லாக உறைந்துவிட்டது. ஒரு காலத்தில் புகழோடு இருந்து, இப்போது அது இல்லாதவர் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கிவருகிறது. மேலே ‘ஹேஸ் பீன் டு குன்னூர்’ என்பதற்குச் சொன்ன விளக்கத்தை இங்கும் பொருத்திப் பாருங்கள்: அங்கே இருந்தார், இப்போது அங்கே இல்லை. ஊருக்குப் போய்வந்தவரைப் பற்றிச் சொல்லும்போது இதில் குறையொன்றும் இல்லை. ஒருவருடைய திறமையையும் பெயரையும் பற்றிச் சொல்லும்போது மிகக் கடுமையாகிவிடுகிறது. உழைத்து ஓய்வு பெற்றவரைக் குறிக்க ‘முன்னாள் வீரர்’ என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது, இதைத் தமிழ்க் கட்டுரைகளில் எடுத்தாளாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பன்மையில் இது ‘ஹேவ்-பீன்’ ஆகாது; பெயர்ச்சொல் ஆகிவிட்டதால் இறுதியில் ‘ஸ்’ சேர்ந்து ‘ஹேஸ்-பீன்ஸ்’ என்றே வரும்.